தலைமாட்டில் ஒரு துணை

 

   

மரணத்தைப் பற்றி நாம் அதிகமாகவே பேசுகின்றோம். கப்றைப் பற்றிப் பேசுகின்றோம். மஹ்ஷரைப் பற்றிப் பேசுகின்றோம். ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முறையையும் கபனிடும் முறையையும் வகுப்பு வைத்துக் கற்பிக்கின்றோம். ஆனால் இன்னும் ஜனாஸாவாக மாறாத, மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்ற, கட்டிலில் படுத்தவாறு எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்ற அந்த மனிதரை எவ்வாறு கவனிப்பது என்பதை யார் எமக்குக் கற்பித்தார்கள்? மரணிப்பவரின் தலைமாட்டில் அமர்வது எப்படி என்பதே இன்றைய உரையின் தலைப்பாகும்.

இத்தலைப்பை நான் தெரிவு செய்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அறபுக் கல்லூரியில் பட்டம் பெற்று ஊருக்கு வந்த முதல் வருடம். எங்கள் மஹல்லாவில் புடவைக் கடை நடத்திய ஒரு பெரியவர் நோய் முற்றி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்தியசாலையிலிருந்து அனுப்பப்பட்டிருந்தார். ஒரு நாள் ளுஹருக்குப் பின்னர் என்னை அழைத்தார்கள். சென்று பார்த்தால் அச்சிறிய அறையில் இருபது பேருக்கும் மேல் நின்றார்கள். நான் அவரது காதருகே அமர்ந்து கலிமாவை உரத்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வலது கையைச் சிரமத்துடன் உயர்த்தி, சுவரோரம் இருந்த அலுமாரியின் பக்கம் இரண்டு மூன்று தடவை காட்டினார். "தண்ணி கேக்கிறார்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கரண்டியால் ஊற்றினார். பெரியவருக்குப் புரைக்கேறியது. கால்மாட்டில் நின்ற அவரது மகள், "வாப்பாக்கு என்னமோ சொல்லணும் போல இருக்கு மௌலவி, கொஞ்சம் விடுங்களேன்" என்று அழுதார். இது துன்யாவின் பேச்சுப் பேசும் நேரமல்ல என்று நான் அவரை அடக்கிவிட்டு, இன்னும் உரத்துச் சொன்னேன். அஸருக்கு முன்னர் அவர் வபாத்தானார்.

ஒரு மாதத்தின் பின்னர் அனந்தரச் சொத்துகளைப் பார்ப்பதற்காக அந்த அலுமாரியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சிறிய கணக்குக் கொப்பி. அயலூர் விதவைத் தாய் ஒருவர் தன் மகளின் கலியாணத்திற்கென அவரிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்த பணத்தின் தொகை அதிலே எழுதப்பட்டிருந்தது. பணமும் ஒரு துணியில் முடிந்து பக்கத்திலேயே இருந்தது. அந்தத் தாய் ஜனாஸா வீட்டுக்கு வந்திருக்கின்றார். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டுத் திரும்பிச் சென்றிருக்கின்றார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் அன்றைய தினமே பணத்தைக் கொண்டு சென்று ஒப்படைத்தார்கள்.

ஆனால் அவர் காட்டியது தண்ணீரையல்ல. அந்த அறையில் மார்க்கம் படித்தவன் நான் ஒருவனே. அவரது கை எதைக் காட்டுகின்றது என்று பார்க்கத் தவறியவனும் நானே. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

அன்பர்களே! மேலைத்தேய நாடுகளில் இப்பணியை ஒரு தனித்துறையாகவே இன்று வளர்த்து வருகின்றார்கள். 'டூலா' என்பது கிரேக்க மொழிச் சொல். பணிவிடை செய்யும் பெண் என்பது அதன் பொருள். முதலில் பிரசவ வேளையில் தாய்மாருக்குத் துணையிருக்கும் பெண்களுக்கே இப்பெயர் வழங்கியது. உலகிற்கு வரும் உயிருக்குத் துணை தேவையெனில், உலகை விட்டுப் போகும் உயிருக்கும் துணை தேவையல்லவா என்ற சிந்தனையில், 2003ஆம் ஆண்டு ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர் நியூயோர்க் நகரில் இதற்கான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கும் முன்னர், 1967இல் டாக்டர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் நல்வாழ்வகத்தை ஆரம்பித்திருந்தார். நோயாளியின் நோவு உடலில் மாத்திரம் இருப்பதல்ல, மனதிலும் உறவுகளிலும் ஆன்மாவிலும் இருக்கின்றது என்பது அவர் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்த பாடமாகும்.

இத்துணையாளர் வைத்தியருமல்லர், தாதியுமல்லர். அவர் மருந்து கொடுப்பதில்லை, ஊசி ஏற்றுவதில்லை. அவர் அருகில் அமர்கின்றார். நோயாளி பேசினால் செவிமடுக்கின்றார். யார் அருகில் இருக்க வேண்டும், எதை ஓத வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற விருப்பங்களைக் கேட்டறிகின்றார். இறுதி நாட்களில் உடலில் என்ன மாற்றங்கள் வரும் என்பதைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே விளக்குகின்றார். மரணத்தின் பின்னரும் அந்த வீட்டுக்கு வந்து போகின்றார்.

மேலைநாட்டை விடுவோம். எமக்கு மிக அண்மையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் ஒரு சிறிய நோவுதணிப்புச் சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார்கள். பின்னர் அது வைத்தியசாலையின் சுவர்களைத் தாண்டி ஊர்களுக்குள் சென்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்திலே ஆசிரியர்களும் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் பயிற்சி பெற்று, தமது அயலிலுள்ள படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்கு முறைவைத்துச் செல்லலாயினர். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. பெரும் செல்வம் இருந்ததனால் நடந்ததல்ல இது. அண்டை வீட்டாரின் நோவை ஊர்மக்கள் தமது பொறுப்பாக ஏற்றதனால் நடந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வருடாந்தம் சுமார் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இத்தகைய பராமரிப்புத் தேவைப்படுகின்றது. ஆயினும் 100 பேரில் சுமார் 14 பேருக்கே அது கிடைக்கின்றது. அந்த மிகுதிப் பேரில் எமது வாப்பாமாரும் உம்மாமாரும் இருக்கின்றார்கள்.

இது எமக்குப் புதிய விடயமா? இல்லை. ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, ரபீஉல் அவ்வல் மாதத்தில், மதீனாவில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் அறையில் நடந்தவற்றை ஸஹீஹுல் புஹாரியில் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னையாரின் நெஞ்சிலே சாய்ந்திருக்கின்றார்கள். அப்போது அன்னையாரின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரழி) கையில் ஒரு மிஸ்வாக்குடன் உள்ளே வருகின்றார். நபியவர்கள் எதுவும் பேசவில்லை. அவர்களது பார்வை மாத்திரம் அந்த மிஸ்வாக்கின் மீது செல்கின்றது. அன்னையார் அப்பார்வையை விளங்கிக்கொண்டு, உங்களுக்காக அதை எடுக்கட்டுமா என்று கேட்கின்றார்கள். தலையசைவினால் ஆம் என்கின்றார்கள். அது கடினமாக இருந்தபடியால், மென்மையாக்கித் தரட்டுமா என்று மீண்டும் கேட்டு, மென்மையாக்கிக் கொடுக்கின்றார்கள்.

சகோதரர்களே! இந்தச் சம்பவத்தை நான் மாணவனாகப் பல தடவை படித்திருந்தேன். மிஸ்வாக்கின் சிறப்பு என்ற தலைப்பில் அதைப் பேசியும் இருந்தேன். அந்த அலுமாரி திறக்கப்பட்ட பின்னர்தான் அதன் இன்னொரு பாடம் எனக்குப் புரிந்தது. அன்னையவர்கள் பார்வையைக் கவனித்தார்கள். ஊகித்ததை உடனே செய்துவிடாமல் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்கள். நாங்கள் கவனிக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

அதே நோயின்போது, வேண்டாம் என நபியவர்கள் சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்து வெறுப்பது இயல்புதானே என்றெண்ணி வீட்டிலிருந்தவர்கள் வாயில் மருந்தை ஊற்றினார்கள். தெளிவு வந்ததும் நபியவர்கள் அதனைக் கண்டித்து, அங்கிருந்தோருக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள் என்பதும் புஹாரியில் பதிவாகியுள்ளது. நோயாளி வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமது மகள் பாத்திமா (ரழி) அவர்களை அருகழைத்து, இந்நோயிலேயே தாம் வபாத்தாகப் போவதை நபியவர்கள் இரகசியமாகக் கூறினார்கள். மகள் அழுதார்கள். பின்னர் இன்னொன்றைக் கூறினார்கள், மகள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லி அழவைத்து, பின்னர் ஆறுதல் சொல்லிச் சிரிக்கவைத்த தந்தை அவர்கள். நாமோ நோயாளியிடம் நோயை மறைக்கின்றோம். "ஒண்டுமில்ல வாப்பா, சுகமாகிடும்" என்கின்றோம். அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கும்போதே வஸிய்யத் சொல்ல வேண்டிய நாட்கள் கழிந்துவிடுகின்றன.

எனவே, தலைமாட்டில் அமர்பவர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, ஹக்குகளைத் தீர்க்க உதவுவது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, "வாப்பா, யாருக்காவது ஏதாவது கொடுக்க இருக்குதா? உங்கட மனசில ஏதும் இருந்தா சொல்லுங்க" என்று அன்போடு கேளுங்கள். கடனாளியின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்காது நபியவர்கள் பின்வாங்கியதையும், அபூ கதாதா (ரழி) அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததையும் நாம் அறிவோம். நோய் வரும் வரை காத்திருப்பதும் தவறு. வஸிய்யத் செய்ய வேண்டிய விடயம் உள்ளவர் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கலாகாது என்பதே நபிவழி. வாரிசல்லாதோருக்கு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்யலாம் என்பதையும் நினைவூட்டுங்கள்.

இரண்டாவது, கலிமாவை மென்மையாக நினைவூட்டுவது. மரணத் தறுவாயில் உள்ளவருக்குக் கலிமாவை எடுத்துக்கொடுப்பது ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள ஸுன்னத்தாகும். ஆனால் அது அதட்டுவதல்ல. ஹிஜ்ரி 181இல் மறைந்த இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் இறுதி வேளையில் ஒருவர் விடாமல் கலிமாவைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒரு தடவை நான் சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசாதவரை நான் அதிலேயே இருக்கின்றேன், என்னை விட்டுவிடும் என்ற கருத்தில் இமாமவர்கள் அவரைத் திருத்தினார்கள். நான் அந்தப் பெரியவரின் காதில் கத்தியதை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் என்னைச் சுடுகின்றது.

மூன்றாவது, அல்லாஹ்வின் ரஹ்மத்தின் மீது நல்லெண்ணத்தை வளர்ப்பது. எகிப்தை வெற்றி கொண்ட அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் மரணப்படுக்கையில் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பி நீண்ட நேரம் அழுதார்கள். அவர்களது மகன் வேதனைகளைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. நபியவர்கள் உங்களுக்கு இன்ன நன்மாராயங்களைக் கூறவில்லையா என்று ஒவ்வொன்றாக நினைவூட்டினார். தந்தை திரும்பி, தமது வாழ்க்கையின் கட்டங்களையெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைகளே! உங்கள் உம்மா வாப்பாவிடம் அவர்கள் செய்த நன்மைகளைச் சொல்லுங்கள். "நீங்க வளர்த்ததாலதான் நாங்க தொழுறம்" என்று சொல்லுங்கள். ஜனாஸா அடக்கிய பின்னர் ஊராரிடம் சொல்லும் புகழை, அவர் கேட்கும்போதே சொல்லுங்கள்.

நான்காவது, உடலைக் கவனிப்பது. இறுதி நாட்களில் உணவும் தண்ணீரும் தேவைப்படாமல் போவது உடலின் இயல்பு. நாம் உணவு கொடுக்காததனால் அவர் மரணிக்கவில்லை. மரணம் நெருங்குவதனால்தான் அவர் உண்ணவில்லை. விழுங்க இயலாதவரின் வாயில் கட்டாயமாக ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். நனைத்த பஞ்சினால் உதட்டையும் நாவையும் ஈரமாக்கினால் போதும். கை கால்கள் குளிரும், தோலின் நிறம் மாறும், மூச்சு சற்று நின்று மீண்டும் வரும். தொண்டையில் களகளவென ஓசை கேட்கும். அவ்வேளை பக்கவாட்டில் மெதுவாகச் சரித்துப் படுக்க வையுங்கள். அந்த ஓசை எமக்கு ஏற்படுத்தும் பயத்தின் அளவுக்கு அவருக்கு நோவு இருப்பதில்லை என்பது அனுபவமிக்க வைத்தியர்களின் கூற்று. கிப்லாவை முன்னோக்கித் திருப்புவது விரும்பத்தக்கது. கட்டிலைத் திருப்புவதால் நோயாளி வருந்துவாராயின் விட்டுவிடுங்கள்.

நோவு தணிக்கும் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோர்பீன் கொடுத்தால் மௌத்தாகிவிடுவார், அல்லது கலிமா இல்லாமல் போய்விடுவார் என்று அஞ்சி, புற்றுநோயாளியைத் துடிக்க விடும் குடும்பங்கள் உண்டு. வைத்தியர் அளந்து தரும் மருந்து உயிரைப் பறிப்பதற்கல்ல, நோவைக் குறைப்பதற்கே. நோவு குறைந்தவரே நிதானமாகக் கலிமாவும் சொல்வார், வஸிய்யத்தும் சொல்வார். தூக்கம் அதிகமாக வருவதாயின் வைத்தியரிடம் பேசுங்கள். அதேவேளை, நோவு தாங்காது என்று கூறி உயிரைப் போக்குவதற்கென்றே மருந்து கொடுப்பது மார்க்கத்தில் ஹராமாகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவது, நாவைப் பேணுவது. மரணிப்பவரின் அருகே நல்லதையே பேசுமாறும், அங்கு கூறப்படுவதற்கு மலக்குகள் ஆமீன் கூறுகின்றார்கள் என்றும் உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உணர்த்துகின்றது. நினைவிழந்தவருக்குக் கேட்காது என்று எண்ணி, அறைக்குள்ளேயே காணிப் பங்கைப் பேசுகின்றார்கள். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பதிலளிக்க இயலாத நிலையிலிருந்த மரணத் தறுவாய் நோயாளிகள் சிலரின் மூளை, ஓசைகளுக்குத் தொடர்ந்தும் பதில் காட்டியதைப் பதிவு செய்தார்கள். எனவே, கேட்கின்றது என்று எண்ணியே பேசுங்கள். அதே இடத்தில் யாஸீன் ஓதலாமா கூடாதா என்று இரு சாராரும் குரலை உயர்த்துவதையும் நான் கண்டிருக்கின்றேன். அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ளும் இடம் ஒருவரின் மரணப்படுக்கையல்ல. அந்த நோயாளி எதை விரும்புகின்றார் என்று முன்னரே கேட்டறிந்திருந்தால் சச்சரவுக்கே இடமில்லை.

ஆறாவது, பராமரிப்பவரைப் பராமரிப்பது. நோயாளியை இரவு பகலாகப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். வருவோருக்குத் தேநீர் ஊற்றுவதும் அவரே. நலம் விசாரிக்கச் செல்பவர்களே! விருந்தாளியாகச் செல்லாதீர்கள். "தாத்தா, நீங்க ரெண்டு மணித்தியாலம் தூங்குங்க, நான் பக்கத்துல இருக்கன்" என்று சொல்லும் ஒரு சகோதரி செய்வது பெரும் ஸதகாவாகும். ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு தயாரிக்கும்படி நபியவர்கள் ஏவினார்கள். நாம் மூன்று நாட்கள் உணவு கொடுக்கின்றோம். நான்காம் நாள் அந்த வீட்டின் கதவை யார் தட்டுகின்றார்கள்? நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருக்கும் அந்த விதவைக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவது யார்? கிராம உத்தியோகத்தரிடம் சென்று மரணப் பதிவுக்கான அலுவல்களைப் பார்ப்பது யார்?

அன்பின் நேயர்களே! தலைமாட்டில் ஆளில்லாமல் மரணிப்பதன் துயரத்தை எமது சமூகம் போல் அறிந்தவர்கள் சிலரே. 2020 மார்ச் முதல் கொரோனாவில் மரணித்த எமது உறவினர்கள் தனிமையிலே மரணித்தார்கள். ஏப்ரலில் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி வரை அந்த நெருப்பு எரிந்தது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடி மண் எமது மையித்துகளை ஏற்றுக்கொண்டது. 2024இல் அரசாங்கம் மன்னிப்பும் கோரியது. அடக்கும் உரிமைக்காக நாம் அழுதோம், துஆச் செய்தோம், குரல் கொடுத்தோம். அது நியாயமே. ஆனால் இன்று எந்தச் சட்டமும் தடுக்காதபோது, எத்தனை வாப்பாமார் அடுத்த அறையில் தனியே படுத்திருக்கின்றார்கள்? அன்று கண்ணாடிக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டோம். இன்று நாமாகவே கதவுக்கு வெளியே கையடக்கத் தொலைபேசியுடன் நிற்கின்றோம்.

வாலிபர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கின்றது. சந்தூக்கும் இருக்கின்றது, கபன் துணியும் இருக்கின்றது. அதனோடு, உயிரோடு இருப்பவரின் அருகில் அமர்வதற்கும் ஒரு குழு இருக்கட்டும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். ஊரிலுள்ள ஒரு வைத்தியரையும் ஒரு தாதியையும் அழைத்து மஸ்ஜிதில் ஒரு நாள் பயிற்சி பெறுங்கள். தயம்மும் செய்விக்கவும், படுத்தவாறு சைகையால் தொழ உதவவும், நோயாளியைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அயலிலுள்ள மாற்றுமத நோயாளியையும் மறவாதீர்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவர் நோயுற்றபோது, நபியவர்கள் அவரது வீட்டுக்கே சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகளை நோயாளியின் அறையிலிருந்து விரட்டாதீர்கள். பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்த பிள்ளைதான் நாளை உங்கள் கையைப் பிடிக்கும்.

அன்று அப்பெரியவரின் மகளை நான் அடக்கினேன். சில வருடங்களின் பின்னர் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க மௌலவி" என்று மன்னித்துவிட்டார். அதன் பின்னர் யாருடைய வீட்டுக்கு அழைக்கப்பட்டாலும், முதலில் கூட்டத்தை வெளியே அனுப்புகின்றேன். பின்னர் நோயாளியின் கையைப் பார்க்கின்றேன், கண்ணைப் பார்க்கின்றேன். ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்கின்றேன். அதன் பிறகுதான், மெதுவாக, கலிமாவை ஆரம்பிக்கின்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளின் நோவை இலேசாக்குவாயாக! எங்கள் இறுதி வார்த்தையைக் கலிமாவாக ஆக்குவாயாக! பிறரின் தலைமாட்டில் அமரும் பாக்கியத்தை எமக்குத் தருவாயாக! எமது நேரம் வரும்போது, எமது பார்வையை விளங்கிக்கொள்ளும் ஒருவரை எமது தலைமாட்டிலும் அமர்த்துவாயாக! ஆமீன், யா றப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.